சிவன் ஸ்ரூடியோவிலிருந்து ஈழத்து முகங்கள் வரை: ஒளிப்பதிவாளர் சந்தோஷ் சிவன்

தென்னிந்தியத் திரைப்பட வரலாற்றை எழுதப் புகுந்தோர் நடிகரைப் பற்றி நிரம்ப எழுதியுள்ளனர். நெறியாளரைப் பற்றி ஓரளவு எழுதியுள்ளனர். பாடலாசிரியரையும் இசையமைப்பாளரையும் பற்றிய நூல்களுக்கும் குறைவில்லை. ஒளிப்பதிவாளர் மாத்திரம் படத்தின் தொடக்கத்து எழுத்தோட்டத்தில் சில விநாடிகள் தோன்றி மறையும் பெயராகவே நின்றுவிடுகின்றார். இதற்குக் காரணம் உண்டு. ஜெமினி, வாகினி, ஏவி. எம். முதலிய சென்னைக் கலையகங்கள் ஓங்கியிருந்த நாள்களில் ஒளிப்பதிவாளர் பெரும்பாலும் மாதச் சம்பளத்துக்கு உழைக்கும் தொழில்வல்லுநராகவே கருதப்பட்டார். கலையகத்தின் விளக்கும் கமராவும் எவ்வாறு முதலாளியின் உடைமையோ, அவ்வாறே அவரது கண்ணும் உடைமையாயிற்று. தொழிலைக் கற்றதும் குருகுல முறையிலேதான். விளக்குத் தூக்கியும் வில்லை துடைத்தும் பல்லாண்டுகள் ஒருவர் பக்கத்தில் நின்றவரே பின்னர் கமராவின் பின்னால் நிற்கும் உரிமை பெற்றார்.

1960 இல் பூனாவில் இந்தியத் திரைப்படக் கல்வி நிலையம் தொடங்கப்பட்டதும் இந்நிலை மாறத் தொடங்கியது. ஒளிப்பதிவு பாடநெறியாயிற்று, உலகத் திரைப்படங்களைக் கண்டு விவாதித்த இளைஞர் கமராவோடு வெளியே வந்தனர். குருகுலத்தின் கைப்பழக்கமும் கல்வி நிலையத்தின் பரந்த நோக்கும் ஒருவரிடத்திலேயே கூடிய நிகழ்ச்சிகள் சிலவே. அவற்றுள் முதன்மையான ஒன்று சந்தோஷ் சிவனின் வாழ்வு. அவருக்குக் குருகுலம் பிறர் வீடு அன்று, சொந்த வீடு. இலங்கைத் தமிழ் வாசகர் அவரை ஊன்றி நோக்க வேண்டியதற்கு வேறொரு காரணமும் உண்டு. நமது இனத்தின் பெருந்துயரைக் கருவாகக் கொண்டு அவர் இரு படங்களை நெறிப்படுத்தினார். அவ்விரண்டும் பெற்ற கதி ஒன்றல்ல. முன்னையது உலகெங்கும் போற்றப்பட, பின்னையது சில நாள்களிலேயே தமிழகத் திரையரங்குகளினின்றும் அகற்றப்பட்டது. ஒரே கண், ஒரே கை. விளைவு மட்டும் ஏன் வேறாயிற்று என்பதை ஆராய்வதற்கு அந்தக் கண் உருவான இடத்திலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

சந்தோஷ் சிவனின் தந்தை சிவசங்கரன் நாயர். 'சிவன்' என்ற சுருக்கப் பெயராலேயே கேரளம் அவரை அறியும். 1932 இல் அரிப்பாட்டில் பிறந்த அவர் மலையாளப் பத்திரிகைப் புகைப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவர். 1959 இல் திருவனந்தபுரத்தில் 'சிவன்ஸ் ஸ்ரூடியோ'வை நிறுவினார். புதிதாய் அமைந்த கேரள மாநிலத்தின் அரசியல் நிகழ்ச்சிகள், எழுத்தாளர், நடிகர், தெருவில் நடந்த ஊர்வலங்கள் ஆகிய யாவும் அவரது பிலிமில் பதிந்தன. ராமு காரியாட் நெறிப்படுத்தி 1965 இல் குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம் பெற்ற 'செம்மீன்' படத்துக்கு நிழற்படங்கள் எடுத்தவரும் அவரே. அப்படத்தின் ஒளிப்பதிவாளர் மார்க்கஸ் பார்ட்லி. கடற்கரை வெயிலில் பார்ட்லி கமராவை இயக்க, அதற்கருகே சிவன் தமது சிறு கமராவோடு நின்றார் என்பது பின்வருவனவற்றை விளங்கிக்கொள்ள உதவும்.

புகைப்பட நிலையம் என்பது எத்தகைய பள்ளிக்கூடம் என்பதைச் சற்று விரித்துரைத்தல் தகும். கொட்டாஞ்சேனையிலோ மருதானையிலோ மாளிகாவத்தையிலோ பழைய படப்பிடிப்பு நிலையம் ஒன்றினுள் நுழைந்து பார்த்தோர் அதனை எளிதில் உணர்வர். அங்கே முன்னறையில் ஒரு முக்காலி. பின்னால் தீட்டிய திரை. இரு புறமும் விளக்குகள். வந்தவர் அமர்ந்ததும் படம் பிடிப்பவர் முதலில் நோக்குவது முகத்தை அன்று, முகத்தில் விழும் நிழலை. மூக்கின் நிழல் உதட்டைத் தொடக்கூடாது. கண்ணில் ஓர் ஒளிப்புள்ளி இருத்தல் வேண்டும். கன்னம் ஒட்டியவருக்கு ஒளியை நேரே கொடுக்கவும், பருத்தவருக்குப் பக்கத்திலிருந்து கொடுக்கவும் தெரிதல் வேண்டும். பின்னறையாகிய இருட்டறையில் சிவப்பு விளக்கின் மங்கலொளியில் மருந்து நீருள் வெண்தாள் மெல்லக் கறுத்து முகமாக மாறும். எவ்வளவு நேரம் ஒளி காட்டினால் எவ்வளவு கறுக்கும் என்ற கணக்கு அங்கே நூலறிவால் வருவதில்லை. நூறு தாள்களைப் பாழாக்கியே வருகின்றது. இத்தகைய வீட்டில் வளரும் பிள்ளைக்கு ஒளி என்பது கையால் அளக்கத்தக்க பொருளாகிவிடுகின்றது. இன்னொன்றும் உண்டு. புகைப்பட நிலையம் ஓர் ஊரின் முகங்களையெல்லாம் சேர்த்து வைக்கும் களஞ்சியமுமாகும். மணமக்கள், பட்டதாரிகள், கடல்கடந்து போவோர், இறந்தோர் எல்லாரும் அதன் பெட்டிகளுள் இருப்பர். சந்தோஷ் சிவன் வளர்ந்தது அத்தகைய பெட்டிகளின் நடுவிலேதான்.

தந்தை புகைப்படத்தோடு நின்றுவிடவில்லை. ஆவணப்படங்களை எடுத்தார், பின் கதைப்படங்களையும் நெறிப்படுத்தினார். அவரது 'யாகம்' தேசிய விருது பெற்ற மலையாளப் படம். சிறுவர் படத்துறையில் அக்குடும்பத்தின் பணி தனியே குறிப்பிடத்தக்கது. சிவனின் 'அபயம்' (1991) சிறந்த சிறுவர் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. சில ஆண்டுகளுள் மகனின் 'ஹலோ' அதே விருதைப் பெற்றது. எழுபது வயதைக் கடந்தபின் சிவன் எடுத்த 'கேசு' (2009) மீண்டும் அவ்விருதிற் பங்கு பெற்றது. மூத்த மகன் சங்கீத் சிவன் நெறியாளரானார். இளையவர் சஞ்சீவ் சிவனும் அவ்வழியே சென்றார். சங்கீத் நெறிப்படுத்திய 'வியூகம்' (1990), நேப்பாளத்திற் பெரும்பகுதி படமாக்கப்பட்ட 'யோத்தா' (1992) ஆகியவற்றின் ஒளிப்பதிவாளர் தம்பி சந்தோஷே. பிள்ளைகள் தந்தையின் ஆவணப்படங்களுக்குத் துணைநின்று தொழில் பழகினர். தச்சர் குடும்பத்திலும் தட்டார் குடும்பத்திலும் தொழில் கைமாறிய முறையே இது. பூனாக் கல்வி நிலையத்துக்கு சந்தோஷ் சென்றபோது அங்கே எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கவேண்டிய நிலை அவருக்கு இருக்கவில்லை.

1986 இல் 'நிதியுடெ கத' என்ற மலையாளப் படத்தோடு அவரது தொழில்வாழ்வு தொடங்கியது. ஆமிர்கான் நடித்த 'ராக்' (1989) என்ற இந்திப் படம் இருளை அஞ்சாமற் கையாண்டது. ஆயினும் அவரது பெயரை நிலைநாட்டியது 'பெருந்தச்சன்' (1990) எனலாம். எம். டி. வாசுதேவன் நாயர் எழுதிய அப்படம் 'பறயி பெற்ற பன்னிருகுலம்' என்னும் கேரளத் தொல்கதையிலிருந்து பிறந்தது. ஒப்பற்ற தச்சனாகிய தந்தை, தன்னினும் மிக்கவனாக மகன் வளர்வதைக் காண்கின்றான். தந்தையின் கையினின்று நழுவிய உளி மகனின் உயிரைக் குடிக்கின்றது. அது தவறி விழுந்ததா, விடப்பட்டதா என்ற ஐயம் கதையினுள் தீர்வதில்லை. தந்தையாகத் திலகன் நடித்தார். அப்படத்தை நெறிப்படுத்திய அஜயன், நாடகாசிரியர் தோப்பில் பாசியின் புதல்வர். கலைஞனான தந்தைக்கும் கலைஞனான மகனுக்கும் இடையேயுள்ள பாசத்தையும் பொறாமையையும் பேசும் கதையை, புகழ்பெற்ற தந்தையர் இருவரின் மைந்தர் இருவர் சேர்ந்து படமாக்கினர் என்பது தற்செயலேயாயினும் சுவையான செய்தி. மரத்தூளிலும் விளக்கொளியிலும் மினுங்கும் முகங்களைக் கொண்ட அவ்வொளிப்பதிவுக்குச் சந்தோஷ் சிவன் தேசிய விருது பெற்றார். சிவன் வீட்டில் உளி எதுவும் தவறி விழவில்லை என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். மகனின் புகழைக் கண்டு களித்தே தந்தை நெடுங்காலம் வாழ்ந்தார்.

தமிழ்ப் படவுலகுக்கு அவரைக் கொணர்ந்தவர் மணிரத்தினம். 'தளபதி' (1991) கர்ணனின் கதையைத் தழுவியது. நாயகனின் பெயரே சூரியா. கர்ணன் கதிரவனின் மைந்தன் ஆகையால் ஒளிப்பதிவாளர் கதிரவனையே ஒரு பாத்திரமாக்கினார். தாழ்ந்த சூரியனை நேரே நோக்கிக் கமராவை வைப்பது அக்காலத்தில் ஒளிப்பதிவாளர் பலர் தவிர்த்த செயல். வானத்துக்கேற்ப வில்லையின் துளையைச் சுருக்கினால் முகம் இருண்டுவிடும். முகத்துக்கேற்ப விரித்தால் வானம் வெளிறிவிடும். சந்தோஷ் சிவன் முகத்தை இருளவிட்டார். காதலர் பிரியும் காட்சியில் நடிகரின் கண்ணீரைக் காணாமலே காண்போர் துயருற்றனர். நட்சத்திர நடிகரின் முகத்தை ஒவ்வொரு காட்சியிலும் தெளிவாகக் காட்டியே ஆகவேண்டும் என்ற எழுதா விதி நிலவிய படவுலகில் இது சிறிய துணிச்சல் அன்று. அடுத்த ஆண்டு வெளிவந்த 'ரோஜா' காஷ்மீரிற் படமாக்கப்படாமலே காஷ்மீரைக் காட்டியது. கொழும்புத் திரையரங்குகளில் இப்படங்களைக் கண்ட தலைமுறையினர் பாடல்களை மனப்பாடமாக அறிவர். ஒளிப்பதிவாளரின் பெயரை அறிந்தோர் அத்தலைமுறையிலும் சிலரே.

'இருவர்' (1997) வேறொரு வகையில் முக்கியமானது. நாவலப்பிட்டியிற் பிறந்து தமிழகத்தின் முதலமைச்சரான எம். ஜி. இராமச்சந்திரனையும் அவரது நண்பரும் எதிரியுமான மு. கருணாநிதியையும் நினைவூட்டும் கதை அது. பல காட்சிகள் இடையில் வெட்டின்றி நீண்டு செல்கின்றன. கமரா நடிகரைச் சுற்றி வந்து, விலகி, மீண்டும் நெருங்குகின்றது. வணிக நோக்கில் அப்படம் வெற்றி பெறவில்லை. ஆனால் தமிழ்ப் படங்களின் ஒளிப்பதிவை வரலாற்று முறையில் ஆராய்வோர் தவிர்க்கவியலாத படம் அதுவே. அந்தமான் சிறையைப் பற்றிய 'காலாபாணி' (1996), 'இருவர்', 'தில் சே' (1998) ஆகிய மூன்றுக்கும் அவர் தேசிய விருது பெற்றார்.

'தில் சே'யைப் பற்றிப் பேசுவோர் நீலகிரி மலையில் ஓடும் புகைவண்டியின் கூரைமேல் ஆடிய பாடற்காட்சியையே பேசுவர். அதனினும் நோக்கத்தக்கது, அப்படத்தின் நாயகி உடலில் வெடிமருந்தைக் கட்டிக்கொண்டு சாகப் புறப்பட்டவள் என்பது. ஏறத்தாழ அதே காலத்திற் சந்தோஷ் சிவன் தாமே நெறிப்படுத்திய படத்தின் நாயகியும் அத்தகையவளே. ஒன்று இந்தியாவின் புகழ்மிக்க நடிகர் நடித்த பெருஞ்செலவுப் படம். மற்றையது மூன்று வாரத்துக்கும் குறைந்த காலத்தில் மிகச் சிறு செலவில் முடிக்கப்பட்டது. முன்னதில் அப்பெண் காதலன் காணும் புதிர். பின்னதில் அவளே கதை.

அந்தச் சிறு படமே 'த ரெறறிஸ்ற்'. தமிழிற் பேசும் அப்படத்தில் மல்லி என்னும் பத்தொன்பது வயதுப் பெண், ஒரு தலைவரைக் கொல்ல மனித வெடியாக அனுப்பப்படுகின்றாள். 1991 மே 21 இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட நிகழ்ச்சி அதன் தூண்டுதல். ஆயினும் படத்தில் எந்த நாட்டின் பெயரும் இல்லை. இயக்கத்தின் பெயர் இல்லை. குறிவைக்கப்பட்ட தலைவரின் பெயரும் இல்லை. உள்ளது மல்லியின் முகம். மல்லியாக நடித்த ஆயிஷா தர்க்கர் கவிஞர் இம்தியாஸ் தர்க்கரின் மகள். அவரது முகத்தைக் கமரா மிக அண்மையில் நின்று நோக்குகின்றது. இமையில் நிற்கும் மழைத்துளி, மூச்சு, உதட்டின் அசைவு இவையே நிகழ்ச்சிகள். பெருவிளக்குகள் தவிர்க்கப்பட்டன, காட்டின் பச்சை நிழலும் நீரிற் பட்டுத் தெறிக்கும் வெளிச்சமுமே போதுமாயின. முக்காலியில் அமர்ந்தவரின் கண்ணில் ஓர் ஒளிப்புள்ளியைத் தேடும் புகைப்பட நிலையத்தின் பழக்கம் இங்கே முழுப் படமாக விரிந்துள்ளது என்று கூறின் மிகையாகாது.

மல்லி தங்கும் வீட்டுக்காரர் வாசு என்ற முதிய கமக்காரர். அவரது மனைவி பல்லாண்டுகளாக உணர்வின்றிக் கண்கள் திறந்தபடி படுக்கையிற் கிடக்கின்றாள். பாராத அந்தக் கண்களுக்கும் எல்லாவற்றையும் பார்க்கும் மல்லியின் கண்களுக்கும் இடையே படம் தன் வினாவை வைக்கின்றது. தான் கருவுற்றிருப்பதை அறியும் மல்லி தயங்குகின்றாள். இறுதியில் வெடியோசை கேட்பதில்லை. இப்படம் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதையும், சிறீகர் பிரசாத்துக்குப் படத்தொகுப்புக்கான விருதையும் ஈட்டியது. அமெரிக்க நடிகர் ஜோன் மல்கோவிச் தம் பெயரால் அதனை அமெரிக்க மக்களுக்கு அறிமுகப்படுத்தினார்.

ஈழத்து வாசகன் இப்படத்தைக் கண்டு குறை சொல்லக்கூடிய இடங்கள் உண்டு. பேச்சு நம் பேச்சு அன்று. காடு வன்னிக் காடு அன்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரம் சொட்டும் காடு. மல்லி ஏன் ஆயுதம் ஏந்தினாள் என்பதற்குச் சில நினைவுத் துணுக்குகளே விடையாகின்றன; ஒரு சமுதாயத்தை அந்நிலைக்குத் தள்ளிய சட்டங்களும் கலவரங்களும் படத்தினுள் நுழைவதேயில்லை. வரலாற்றுணர்வற்ற அழகியல் எனச் சிலர் இதனைத் தள்ளிவிடவுங் கூடும். ஆனால் அத்தீர்ப்பு முழுமையானதன்று. பெயரிடாமையே அப்படத்துக்குக் கவசமாயிற்று. ஓர் உயிர், இறப்பதற்கு முன் எஞ்சியுள்ள சில நாள்களை எவ்வாறு கழிக்கின்றது என்ற ஒன்றை மட்டுமே அது கூறப் புகுந்தது. அந்த எல்லையினுள் அது பொய் சொல்லவில்லை.

இங்கே ஒரு வினா எழுதல் இயல்பு. மல்லியின் கதையை நமது நாட்டுத் தமிழர் ஏன் தாமே எடுக்கவில்லை? போரும் தணிக்கையும் முதற் காரணங்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவற்றுக்கு முந்திய காரணமொன்று உண்டு. அது கலையகங்களின் வரலாற்றோடு பிணைந்தது. இலங்கைத் திரைப்படத்தின் தொடக்கத்திலே தமிழர் இருந்தனர். முதற் சிங்களப் பேசும் படமான 'கடவுனு பொறொந்துவ' (1947) எஸ். எம். நாயகம் தயாரிப்பில் மதுரையில் உருவானது. அதன் நாயகி ருக்மணி தேவி, டெய்சி ராசம்மா டானியல்ஸ் எனப் பெயர் பெற்றிருந்தவர். நாயகம் பின்னர் கந்தானையிற் கலையகம் அமைத்தார். கே. குணரத்தினம் ஹெந்தளையில் விஜயா ஸ்ரூடியோவை நடத்தினார். 1956 இல் லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ' கலையகத்தை விட்டுக் கிராமத்து வெயிலுக்குச் சென்றபோது கமராவைத் தாங்கியவர் வில்லி பிளேக். 1972 இன் 'நிதானய'வுக்கு ஒளி அமைத்தவர் எம். எஸ். ஆனந்தன். பீரிஸின் சகோதரர் ஐவன் பீரிஸ் '43 குழு'வைச் சேர்ந்த புகழ்பெற்ற ஓவியர். மனைவி சுமித்திரா பீரிஸும் நெறியாளர். ஆகவே கலைக்குடும்பம் என்பது இத்தீவுக்குப் புதியதன்று. தமிழ்ப் படங்களும் 1960களின் தொடக்கம் முதல் இங்கு உருவாகி வந்தன. 1983 யூலையில் ஹெந்தளைக் கலையகம் எரிக்கப்பட்டது. அங்கே வைக்கப்பட்டிருந்த படச்சுருள்கள் பல அழிந்தன. அதே கிழமையில் கொழும்பில் எரிந்த தமிழர் வீடுகளுள் எத்தனை குடும்பப் புகைப்படங்கள் போயின என்பதற்குக் கணக்கில்லை. திருவனந்தபுரத்திற் சிவனின் பெட்டிகள் அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பாதுகாப்பாய் இருந்தன. இங்கே பெட்டிகளே எரிந்தன. தந்தையிடமிருந்து மகனுக்குக் கைமாறுவதற்கு எதுவும் எஞ்சியிராத இடத்தில் ஒளிப்பதிவுக் குடும்பங்கள் முளைக்காமைக்கு ஆற்றற் குறைவைக் காரணம் காட்டுதல் அநீதி.

கலவரத்துக்கு நெடுநாள் முன்பே நாட்டை விட்டுச் சென்ற ஒருவரை இவ்விடத்தில் நினைவுகூராதிருக்க முடியாது. மட்டக்களப்பு வாவிக்கரையிலுள்ள அமிர்தகழியில் 1939 இற் பிறந்த பாலு மகேந்திரா கொழும்பில் நில அளவைத் திணைக்களத்திற் படவரைஞராகப் பணியாற்றி, வானொலி நாடகங்களில் நடித்து, பின் பூனா சென்று ஒளிப்பதிவு பயின்று 1969 இல் தேறினார். அவருக்கு 'நெல்லு' (1974) படத்தில் முதல் வாய்ப்பளித்தவர் ராமு காரியாட். 'செம்மீ'னிற் சிவனைத் தம் அருகே நிறுத்திய அதே காரியாட். மணிரத்தினத்தின் முதற் படமாகிய 'பல்லவி அனு பல்லவி'க்கு (1983) ஒளிப்பதிவு செய்தவரும் பாலு மகேந்திராவே. இயற்கை ஒளியை நம்புவதிலும் நிழலுக்கு மதிப்பளிப்பதிலும் சந்தோஷ் சிவன் நடந்த பாதையில் மட்டக்களப்பாரின் கால்தடம் முன்னரே பதிந்திருந்தது. எனினும் ஈழப் போரைப் பற்றி ஒரு முழுநீளக் கதைப்படத்தையும் பாலு மகேந்திரா எடுக்கவில்லை. 2014 பெப்ரவரி 13 இல் அவர் சென்னையிற் காலமானார்.

அதற்கு ஆறு வாரங்களின் பின், மார்ச் 28 இல், சந்தோஷ் சிவனின் 'இனம்' தமிழகத்தில் வெளிவந்தது. 'சிலோன்' என்பதே அதற்கு முதலில் இடப்பட்ட பெயர். போரில் அநாதரவான பிள்ளைகளின் இல்லம் ஒன்றையும், அதனைப் பேணும் 'சுனாமி அக்கா' என்ற பெண்ணையும் சுற்றிக் கதை அமைந்தது. சரிதா அப்பாத்திரத்தை ஏற்றார். வெளியான நாளைக் கவனித்தல் வேண்டும். முதல் நாள்தான் ஜெனீவாவில் ஐக்கிய நாடுகள் மனித உரிமைப் பேரவை, இலங்கை பற்றிய தீர்மானத்தை 23 வாக்குகளால் நிறைவேற்றியிருந்தது. இந்தியா வாக்களிப்பில் நடுநிலை வகித்தது. முந்திய ஆண்டில் ஈழத் தமிழருக்காகத் தமிழக மாணவர் வீதிக்கு இறங்கியிருந்தனர். நாடாளுமன்றத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. படம் ஈழத் தமிழரையும் அவர்தம் போராட்டத்தையும் இழிவுபடுத்துகின்றது எனக் கண்டனம் எழுந்தது. சில காட்சிகளை நீக்குவதாக அறிவித்தும் எதிர்ப்பு அடங்காமையால், வெளியிட்ட நிறுவனமே சில நாள்களுள் படத்தை மீட்டுக்கொண்டது.

எதிர்ப்பாளர் பலர் படத்தைப் பாராமலே எதிர்த்திருக்கவுங் கூடும். காட்சிக் கொட்டகையிலிருந்து ஒரு படத்தை விரட்டுவது திறனாய்வு ஆகாது. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் தணிக்கையின் கசப்பை அறிந்த நமக்கு அதை விளக்கவேண்டிய தேவையில்லை. அதேவேளை படத்தின் குறையை மறைத்தலும் நேர்மையன்று. பெயரற்ற நாட்டின் பெயரற்ற பெண்ணைக் காட்டியபோது ஒளிப்பதிவாளரின் கண் ஒன்றே போதுமாயிருந்தது. பெயருள்ள தீவைக் காட்டப் புகுந்தபோது வேறு பல தேவைப்பட்டன. எந்த ஆண்டில் எந்தப் பாதை மூடப்பட்டது, எந்த ஊரார் எந்தச் சொல்லை எவ்வாறு உச்சரிப்பர், இறந்தோரை யார் எண்ணினார், யார் எண்ணவிடவில்லை என்பன போன்ற செய்திகளுக்குச் சாட்சியங்களே விடை கூறும்; ஒளி கூறாது. 2009 இல் முடிந்த போரின் காயம் ஐந்தாண்டுக்குள் ஆறுவதும் இல்லை. தீயையும் புகையையும் நீரையும் 'இனம்' அழகுறக் காட்டுகின்றது. பிள்ளைகளை இழந்த தாய் அந்த அழகைக் கண்டு என்ன நினைப்பாள் என்ற கேள்வியே அப்படத்தின் வழுக்கு நிலம். இருப்பினும் பிள்ளைகளின் முகங்கள் அண்மையில் வரும் இடங்களில் பழைய மல்லியின் சாயல் மீண்டும் தோன்றுகின்றது. அவ்விடங்கள் அழியத்தக்கன அல்ல.

ஏனைய படங்களை விரைந்து கூறிவிடலாம். கலிங்கப் போரைக் கருவாகக் கொண்ட 'அசோகா' (2001), இரவிவர்மாவின் ஓவியங்களை நினைவூட்டும் 'அனந்தபத்திரம்' (2005), வாஸ்கோ ட காமாவுக்கு எதிராக எழுந்த மலையாளத்தாரின் கதையாகிய 'உறுமி' (2011) என்பன அவர் நெறிப்படுத்தியவை. ஓவியர் எம். எப். ஹுசைன் 'மீனாக்ஷி' (2004) என்ற தமது படத்துக்கு அவரையே ஒளிப்பதிவாளராகத் தேர்ந்தார். 'ராவணன்' (2010), 'துப்பாக்கி' (2012), 'செக்கச் சிவந்த வானம்' (2018) ஆகியன தமிழ் மக்கள் நன்கறிந்தவை. இந்திய அரசு 2014 இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருதளித்தது. அமெரிக்க ஒளிப்பதிவாளர் சங்கமும் அவரை உறுப்பினராக ஏற்றது.

தந்தை சிவன் 2021 யூன் 24 இல், தமது 89ஆவது வயதில், திருவனந்தபுரத்திற் காலமானார். மூத்தவரான சங்கீத் சிவன் 2024 மே 8 இல் மும்பையில் இறந்தார். அம்மாதம் முடிவதற்குள், வில்லை உற்பத்தியாளர் பியேர் அஞ்செனியூவின் பெயரால் ஒளிப்பதிவாளருக்கு வழங்கப்படும் விருதைப் பெறுவதற்காகச் சந்தோஷ் சிவன் கான் திரைப்பட விழாவுக்குச் சென்றார். ஆசிய நாடொன்றிலிருந்து அவ்விருதைப் பெற்ற முதல்வர் அவரே. விருதை அவருக்கு அளித்தவர் பிரீத்தி சிந்தா. 26 ஆண்டுகளின் முன், அந்நடிகையின் முகத்தை முதன்முதலாகத் திரைக்குக் கொணர்ந்த படம் 'தில் சே'.